கல்வெட்டின் திருத்திய இரண்டாம் பதிப்பு

கொக்குவில் புகையிரத நிலையத்திலிருந்து மேற்கே பிரியும் ஒழுங்கையில், இடப்பக்கத்து ஏழாவது படலை சோமசேகரத்தாருடையது. பிரதம இலிகிதராக இருந்து 2013 இல் ஓய்வு பெற்றவர். அந்தப் பதவிப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் ஒழுங்கை முழுவதும் கையை விரிக்கும். கல்வெட்டுச் சோமசேகரம் என்றால் தெருநாய் கூட வழி விடும்.

ஒருவர் கண்ணை மூடி முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு வந்தவர்கள் சாப்பிட்டு எழும்பும்போது கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்குத்தான் யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்று பெயர். முன்பக்கத்தில் படம், பிறகு தேவாரம், பிறகு இறந்தவரின் பெருமை, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், கடைசியில் வம்சாவழி. பதினெட்டு வருடம் மாமியாருக்கு முகம் கொடுத்துக் கதைக்காத மருமகள், எட்டாம் பக்கத்தில் வெண்பாவில் விம்முவாள். "கண்ணீர் இவ்வளவும் காணுமோ பிள்ளை, இன்னும் ரெண்டு வரி போடவோ?" என்று அந்த மருமகளிடமே கேட்டு, அளவெடுத்துத்தான் சோமசேகரத்தார் எழுதுவார்.

1993 தொடங்கி முப்பத்தொரு வருடத்தில் அவர் எழுதியவை நூற்றுநாற்பத்துமூன்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சீ.ஆர். கொப்பி என்ற தடித்த குறிப்பேடு ஒன்று. முதுகில் இலக்கம், முன்மட்டையில் திகதி. துக்க வீட்டுக்குப் போய் இருந்ததும் அவர் சொல்லும் முதல் வசனம் எப்போதும் ஒன்றுதான்.

"பேரெல்லாத்தையும் சொல்லுங்கோ. விடுறதைப் பிறகு விடுவம்."

அச்சுக்குப் போகும் பெயர் நீல மையில் ஏறும். விடவேண்டிய பெயர் பென்சிலில். விடுவதற்குக் காரணங்கள் பல. சொல்லாமல் கொள்ளாமல் கலியாணம் முடித்தவர், எல்லை வேலிக்காக வழக்குப் போட்டவர், பூச்சிமருந்து குடித்தவர். ஆனால் பென்சிலுக்கு அதிகம் வேலை வைத்தது, ஊர் வருத்தம் என்று சொல்லும் நோய். கலியாணம் பேசுகிறவர்கள் சாதகத்துக்கு அடுத்ததாகக் கேட்டு வாங்குவது கல்வெட்டைத்தான். அதில் வலிப்பு வந்து செத்த ஒரு பிள்ளை இருந்தால் நாலு குமருக்கு வழி அடைபடும். ஆகையால் சோமசேகரத்தாரின் நூற்றுநாற்பத்துமூன்று கல்வெட்டிலும் ஒருவரும் வருத்தம் வந்து சாகவில்லை. எல்லாரும் நேராக இறைவனடி சேர்ந்தார்கள். நோய் என்ற சொல் ஒரு கல்வெட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் வரும். "நோய்நொடி அறியாத நற்குலம்." அந்த வரி அவருக்கு மிகவும் பிடித்த வரி. எந்தக் குலத்துக்கும் பொருந்தியது.

அவருடைய தாய் சிவக்கொழுந்து 2011 இல் காலமானபோது தானே எழுதிய அறுபத்தோராவது கல்வெட்டிலும் அந்த வரி உண்டு. எழுதியவர் அவர், எழுதுவித்தவரும் அவரே.

2025 தை 21, செவ்வாய்க்கிழமை மாலை, அவருடைய மூத்த மகள் வித்தியாவின் மகள் தாரிகாவுக்குக் காய்ச்சல் கண்டது. வயது நாலு வருடம் இரண்டு மாதம். பொங்கலுக்குப் பிறகு முன்பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு அதே காய்ச்சல். மற்றப் பிள்ளைகள் மூக்கைச் சிந்திக்கொண்டு கார்ட்டூன் பார்த்தன. வியாழன் விடிய, தாரிகா கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. பல் தீட்டிவிடப் போன வித்தியாவின் மடியில் உடம்பு விறைத்து வெட்டி இழுக்கத் தொடங்கியது. ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

பத்தரை மணிக்கு, பிள்ளை வைத்தியர் மயூரதன் குடும்பத்தை விறாந்தைக்கு அழைத்தார். வித்தியா, அவள் கணவன் சிவதர்ஷன், சோமசேகரத்தார், அவர் மனைவி கமலாவதி, சிவதர்ஷனின் தாய் பராசக்தி. ஐந்து பேர்.

"வலிப்பை நிப்பாட்டிப்போட்டம். ஆனால் பிள்ளை இன்னும் தெளியேல்லை," என்றார் வைத்தியர். "சளியிலை சோதிச்சது சாதாரண இன்புளுவென்சா. எல்லாப் பிள்ளையளுக்கும் வாறதுதான். ஆனால் சில குடும்பங்களிலை பிறப்பிலேயே வாற ஒரு குறை இருக்கும். வெளியிலை ஒண்டும் தெரியாது. பெரியாக்கள் சுகமாத்தான் இருப்பினம். அந்தக் குடும்பத்துச் சின்னப் பிள்ளைக்கு உப்பிடி ஒரு காய்ச்சல் வந்தால், அது மூளையை அடிக்கும். உங்கடை ரெண்டு பக்கத்திலையும், காய்ச்சலோடை வலிப்பு வந்து, மயங்கி, செத்த பிள்ளையோ, குறையோடை தப்பின பிள்ளையோ ஆரும் இருந்தவையோ?"

"எங்கடை பக்கம் அப்பிடி ஒண்டுமில்லை," என்றாள் கமலாவதி. கேள்வி முடியவில்லை, பதில் முடிந்துவிட்டது.

"எங்கடை பக்கமும் இல்லை," என்றாள் பராசக்தி. "நாங்கள் கலியாணத்துக்கு முதலே எல்லாம் விசாரிச்சுத்தான் எடுத்தனாங்கள். எங்களுக்கு இல்லாதது இப்ப எங்கையிருந்து வந்ததெண்டு தெரியேல்லை."

"என்ன சம்மந்தி கதைக்கிறியள்?"

"நான் பொதுவாச் சொன்னன்."

பொதுவாகச் சொன்னவள் கைப்பையைத் திறந்து, கணவனின் கல்வெட்டை எடுத்து வைத்தியரிடம் நீட்டினாள். ஆஸ்பத்திரிக்கு வரும்போது அடையாள அட்டையோடு அதையும் கொண்டுவந்திருந்தாள். கமலாவதி விடவில்லை. வீட்டில் நின்ற இளைய மகள் தர்சினிக்குப் போன் எடுத்து, தன் மாமி சிவக்கொழுந்தின் கல்வெட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாள். வைத்தியர் ஒரு கையில் புத்தகத்தையும் மறு கையில் போனையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டிலையும் ஒரே வரி இருக்கு. நோய்நொடி அறியாத நற்குலம்."

"ரெண்டும் நான் எழுதினது," என்றார் சோமசேகரத்தார்.

வைத்தியர் இரண்டையும் திருப்பிக் கொடுத்தார். "ஐயா, பெரிய ஸ்கானுக்கு நாளைக் காலமை எட்டு மணிக்குத்தான் முறை. அப்பிடி ஆரும் இருந்தவையெண்டால் நான் ஸ்கானைப் பாக்காமல் இப்பவே மூளை வீக்கத்துக்குரிய மருந்தைப் பெரிய அளவிலை தொடங்குவன். அது முதல் நாளிலை குடுத்தால்தான் பிரயோசனம். இல்லையெண்டால் வேறை கிருமியள் இல்லையெண்டு பாத்துத்தான் தொடங்கவேணும், ஏனெண்டால் அது கெடுதலும் செய்யும். எந்தப் பக்கமெண்டாலும் எனக்கு ஒண்டுதான். நேரத்தோடை சொல்லுங்கோ."

சோமசேகரத்தார் சுடுதண்ணீர்ப் போத்தல் எடுத்துவரப் போவதாகச் சொல்லி ஸ்கூட்டரை எடுத்தார். போத்தல் ஏற்கனவே பிள்ளையின் கட்டிலடியில் இருந்தது.

வீட்டில் நுழைந்து அலுமாரியைத் திறந்து அவர் முதலில் எடுத்தது தொண்ணூற்றேழாம் கொப்பி. அது பராசக்தி வீட்டுக் கொப்பி. பென்சில் பெயர் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். தன்னை நாட்டை ஆளும் மகாதேசாதிபதி என்று நம்பி, தபாற்காரனுக்குக் கட்டளை பிறப்பித்த ஒரு சித்தப்பா. சயரோகத்தில் போன ஒருவர். சைக்கிள் கடைக்காரனோடு போன ஒருத்தி. காய்ச்சலில் கிடந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. மூன்று தரம் பார்த்தார். சம்மந்தி பக்கத்தில் ஒரு பிள்ளை செத்திருக்கக்கூடாதா என்று தாம் தேடிக்கொண்டிருப்பது மூன்றாம் தரத்தில்தான் அவருக்கு விளங்கியது.

பிறகு தாயின் கொப்பியை, அறுபத்தோராம் கொப்பியை எடுத்தார்.

இரண்டாம் பக்கத்தில், தாயின் தம்பி கந்தவனம். 1938, வயது ஐந்து. காய்ச்சல், மூன்றாம் நாள். ஐந்தாம் பக்கத்தில், தம்முடைய தங்கை இரத்தினேஸ்வரி. 1961 மார்கழி, வயது நாலு. காய்ச்சல், வலிப்பு, மூன்றாம் நாள். ஒன்பதாம் பக்கத்தில், அச்சுவேலியில் இருக்கும் சின்னம்மா மகன் தம்பிராசாவின் மகன் கோகுலன். 1987 ஐப்பசி, வயது நாலு. காய்ச்சல், வலிப்பு, தப்பியது. பேச்சில்லை, நடையில்லை.

மூன்றும் அவருடைய கையெழுத்து. தாய்க்கு ஒரு கிளை, தமக்கு ஒரு கிளை, சின்னம்மாவுக்கு ஒரு கிளை என்று தனித்தனிப் பக்கத்தில் எழுதியிருந்ததால் அவை ஒன்றையொன்று ஒருநாளும் சந்திக்கவில்லை. அச்சில் ஏறியிருந்தால் வம்சாவழிப் பக்கத்தில் ஒரு சாண் இடைவெளிக்குள் மூன்றும் நின்றிருக்கும். யாராவது ஒருவர், குறைந்தது அச்சுக் கோப்பவராவது, இதென்ன என்று கேட்டிருப்பார்.

இரத்தினேஸ்வரி கூரையைப் பார்த்தபடி கிடந்தது அவருக்கு நினைவிருந்தது. அப்போது அவருக்கு எட்டு வயது. முகட்டுவளையில் பேயிருப்பதாகப் பெரியவர்கள் சொன்னார்கள். அவர் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். ஒட்டறைதான் இருந்தது. அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது செய்யவேண்டியது கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. ஆனால் சோமசேகரத்தார் முப்பத்தொரு வருடப் பழக்கம் உள்ளவர். பென்சில் எழுத்தை வெளியாருக்கு எப்படிக் காட்டுவது? மேசையில் இருந்து நல்ல தாள் எடுத்தார். அடிமட்டம் வைத்து நாலு பத்தி கோடு இழுத்தார். தலைப்பு என்ன போடலாம் என்று யோசித்தார். "அமரர் சிவக்கொழுந்து வழித்தோன்றல்களில் பாலப் பருவத்தில்" என்று தொடங்கி, கை தன்பாட்டில் "இறைவனடி" என்று எழுதியது. அதைப் பார்த்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொன்று ஐம்பத்திரண்டு. இருபத்தைந்து நிமிடம் கோடு இழுத்ததில் போயிருந்தது. தாளைக் கிழித்துவிட்டு, கொப்பியைச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

விறாந்தை வாசலில் கமலாவதி மறித்தாள். சேட்டின் நெஞ்சுப் பக்கம் சதுரமாக நிற்பதைக் கண்டு அவளுக்கு விளங்கிவிட்டது.

"இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரே?" சத்தம் இல்லாமல் கேட்டாள். "தர்சினியின்ரை சம்பந்தம் முடிவாற நேரம். கனடாக்காரர் மாமியின்ரை கல்வெட்டை வாங்கிப் பாத்துத்தானே ஓமெண்டவை. சம்மந்தி காதிலை விழுந்தால் பின்னேரத்துக்கிடையிலை ரொறன்ரோவுக்குப் போயிடும்."

"மருந்து தொடங்கவேணுமப்பா."

"டொக்டருக்குத் தெரியாதே என்ன செய்யிறதெண்டு? உங்கடை கொப்பியைப் பாத்தே படிச்சவர்?"

அவர் நின்றார். அவர் நின்ற நேரம் ஒரு நிமிடத்துக்குமேல் இராது. கதவடியில் நின்ற வித்தியா வந்து தகப்பனின் சேட்டைப் பார்த்தாள்.

"அப்பா, அதென்ன?"

கொப்பியை எடுத்து மூன்று பக்கத்தையும் திருப்பிக் காட்டினார். வித்தியா ஐந்தாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"எனக்கு ஒரு மாமி இருந்தவவோ?"

"ஓம்."

"எனக்கு முப்பத்தாறு வயது அப்பா."

தகப்பனின் கையைப் பிடித்து வைத்தியரின் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

மயூரதன் பென்சில் எழுத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். "உந்தக் கோகுலன் இப்ப எங்கை?"

"அச்சுவேலியிலை."

"உயிரோடையோ?"

"ஓம். நாப்பத்தொண்டு வயது."

"அப்ப ஏன் வம்சாவழியிலை இல்லை?"

இப்படி யாராவது கேட்டால் சொல்வதற்குச் சோமசேகரத்தார் ஒரு பதில் வைத்திருந்தார். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி. நூற்றுநாற்பத்திரண்டு கல்வெட்டுக்கு அது சரியான பதில். அறுபத்தோராவதுக்கு அந்தக் குடும்பத்தார் அவரே.

வைத்தியர் பதிலுக்குக் காத்திராமல் தாதியை அழைத்தார். மருந்து ஏறத் தொடங்கியபோது நேரம் பன்னிரண்டு நாற்பது.

அடுத்தநாள் ஸ்கானில் மூளையின் நடுவில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் அடிபட்டிருந்தது. மூன்று பெயருக்கும் பொருந்திய படம் அது. ஆறாம் நாள் தாரிகாவின் கண் தாயின் கையைப் பின்தொடர்ந்தது. பதினோராம் நாள் "தண்ணி" என்றாள். இருபத்தேழாம் நாள் வீட்டுக்கு வந்தாள். இடக்கால் சற்று இழுபடுகிறது. சொல் யோசித்து வருகிறது. "முதல் நாளிலை தொடங்காட்டி இவ்வளவும் மிஞ்சியிராது," என்றார் வைத்தியர். இருபத்தைந்து நிமிடம் அடிமட்டம் பிடித்த கதையை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இரத்தம் வெளிநாட்டுக்குப் போய்ச் சித்திரையில் முடிவு வந்தது. குறை தாரிகாவுக்கும், வித்தியாவுக்கும், சோமசேகரத்தாருக்கும் இருந்தது. கமலாவதிக்கும் சிவதர்ஷனுக்கும் இல்லை. மகனுக்கு இல்லை என்பதைப் பராசக்தி தன் குலம் முழுவதுக்குமாக எடுத்துக்கொண்டு, கோயில் வீதியில் ஒவ்வொரு தூணடியிலும் அறிவித்தாள். கனடாக்காரர் சாதகத்தை மறுபடி பார்ப்பித்தார்கள். மார்கழி மாதம் எட்டுப் பொருத்தம் இருந்த சாதகத்தில் வைகாசி மாதம் மூன்றுதான் இருந்தது. தர்சினியிடம் தாய் அழுதுகொண்டு சொன்னபோது, அவள் வங்கிக்குப் போகத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"கல்வெட்டைப் பாத்துக் கலியாணம் கட்டுறவன் செத்த வீட்டுக்குத்தானம்மா வருவான்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மயூரதன் சோமசேகரத்தாரைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், வருத்தம் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு. "உங்கடை அம்மாவின்ரை வழியிலை ஆர் ஆருக்குச் சின்னப் பிள்ளையள் இருக்கினமோ, அவையெல்லாருக்கும் சொல்லவேணும் ஐயா. காய்ச்சல் வந்த அண்டைக்கே கொண்டுவரவேணும். ஆருக்குச் சொல்லுறதெண்டு உங்களுக்குத்தான் தெரியும்."

சோமசேகரத்தார் அந்தத் தாளைக் கனநேரம் பார்த்தார். கோடுகள் நேர்த்தியில்லை. ஆனால் தாம் பார்த்த வம்சாவழிகளில் ஒருவரையும் விடாமல் எழுதியது அதுதான் என்பதை ஒத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அச்சுவேலிக்குப் போனார். தம்பிராசா வெங்காயம் கட்டிக்கொண்டிருந்தவர், நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மாவின்ரை கல்வெட்டைத் திருத்தி அடிக்கப்போறன் தம்பி. கோகுலன்ரை பேர் போடவேணும். அதுதான் உன்னட்டைக் கேப்பமெண்டு வந்தனான்."

"பேரை விடேக்கை கேட்டனீங்களோ?"

"நீதானே விடச் சொன்னனீ."

"ஓம், நான் சொன்னனான்." தம்பிராசா கட்டின பிடியைக் கீழே போட்டார். "அண்டைக்கு அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு அவனையும் தூக்கிக்கொண்டுதான் வந்தனாங்கள் அண்ணை. உங்கடை வீட்டு அறைக்குள்ளைதான் கிடந்தவன். நீங்களே உள்ளுக்கு வந்து, எங்கள் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு புத்தகம் தந்தனீங்கள். அவன்ரை கையிலையும் ஒண்டு வைச்சனீங்கள். அவன் அதை ரெண்டு வருசம் தலைமாட்டிலை வைச்சிருந்தவன்."

சோமசேகரத்தார் அதைக் கொப்பியில் எழுதியிருக்கவில்லை. எழுதாதபடியால் மறந்திருந்தார்.

"போடுங்கோ," என்றார் தம்பிராசா. "பிறந்த திகதியோடை போடுங்கோ. அவன்ரை தாயிட்டைக் கேளுங்கோ, அவள் நேரமும் சொல்லுவள்."

திருத்திய இரண்டாம் பதிப்பு ஆனி மாதம் முதலாம் திகதி வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்வெட்டுக்கு இரண்டாம் பதிப்பு வந்ததாக அச்சகத்தார் கேள்விப்பட்டதில்லை. தாயார் மறுபடி காலமாகிவிட்டாரா என்று பக்குவமாக விசாரித்தார்கள். பிரதிகள் இருநூற்றுப்பன்னிரண்டு. நோய்நொடி அறியாத வரி எடுபட்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு வெண்பா போடச் சோமசேகரத்தாருக்கு ஆசை. தர்சினி தடுத்துவிட்டாள். பதினாலாம் பக்கத்தில் தாரிகாவோடு நாலு பெயரும், வயதும், காய்ச்சல் கண்ட நாளும், வைத்தியர் எழுதித் தந்த ஏழு வரியும்.

குடும்பத்து வாட்ஸப் குழுமத்தில் மூன்று நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தினமும் பூப்படத்தோடு காலை வணக்கம் போடும் லண்டன் மச்சாள்கூட விடிந்ததை அறிவிக்கவில்லை. நாலாம் நாளிலிருந்து போன் தனித்தனியாக அடித்தது. முதல் எடுத்தவர் பண்டத்தரிப்பில் இருந்த ஒன்றுவிட்ட தம்பி.

"அண்ணை, நீங்கள் செய்தது பிழை. குடும்பத்தைச் சந்திக்குக் கொண்டுவந்திட்டியள். அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

"சரி."

"வைக்கட்டே?"

"வை."

வைக்கவில்லை. "எங்கடை அக்காவுக்கு ஒரு பெட்டை இருந்தது. தொண்ணூத்தாறிலை. இடம்பெயர்ந்து போன இடத்திலை."

"எத்தினையாம் நாள் காய்ச்சல்?"

"மூண்டாம் நாள். பென்சிலாலை எழுதுங்கோ அண்ணை."

ஆனி முடியுமுன் அப்படி மூன்று அழைப்பு வந்தது. எல்லாரும் பிழை பிடிக்கத்தான் எடுத்தார்கள்.

ஆனி 22, ஞாயிற்றுக்கிழமை, தாரிகாவுக்கு மறுபடி காய்ச்சல் கண்டது. பிற்பகல் மூன்று இருபத்தைந்துக்கு வித்தியா கையை வைத்துப் பார்த்தாள். மூன்று முப்பத்தைந்துக்கு எல்லாரும் ஓட்டோவில். வாசலில் புதிய தாதி, "காய்ச்சல் இப்பதானே அம்மா, நாளைக்குக் கிளினிக்குக்கு வாங்கோ," என்று தொடங்கினாள். சோமசேகரத்தார் கல்வெட்டைப் பதினாலாம் பக்கத்தில் விரித்துப் பிடித்தார். தாதி செத்தவீட்டுப் புத்தகத்தைக் கண்டு முதலில் பின்வாங்கினாள். பிறகு வாசித்தாள். பிறகு ஓடினாள். நாலு பத்துக்குப் பிள்ளைக்குக் கட்டில் கிடைத்தது.

மூன்றாம் நாள் காலை தாரிகா கூரையைப் பார்த்தாள். எல்லாரும் எழும்பிவிட்டார்கள்.

"பல்லி," என்றாள் அவள், யோசித்து. உண்மையாகவே மேலே ஒரு பல்லி இருந்தது.

பராசக்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டிலடியில் இருந்தாள். சற்று நேரம் போகச் சோமசேகரத்தார் பக்கம் கதிரையை நகர்த்தினாள்.

"சம்மந்தி, எங்கடை அவரின்ரை கல்வெட்டுக்கும் ஒரு இரண்டாம் பதிப்பு அடிச்சால் என்ன? எங்கடை பக்கத்திலை உது இல்லையெண்டு தெளிவா ஒரு வரி போடலாம்."

"போடலாம். தொண்ணூற்றேழாம் கொப்பி பத்திரமா இருக்கு. இப்ப நான் திருத்துறதெண்டால் பென்சிலிலை உள்ளதெல்லாத்தையும் பேனையாலை எழுதித்தான் திருத்துறது."

பராசக்தி மின்விசிறியைப் பார்த்தாள். மகாதேசாதிபதி சித்தப்பா அந்தப் பக்கமாகப் போயிருக்கவேண்டும்.

"இப்ப என்ன அவசரம்," என்றாள். "முதல்லை பிள்ளை வீட்டை வரட்டும்."

பிள்ளை ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். கல்வெட்டைத் தாதி திருப்பித் தரவில்லை. கோப்பிலேயே கிடக்கட்டும் என்றாள். சோமசேகரத்தார் அறுபத்தோராம் கொப்பியைத் திறந்து, தாரிகாவின் பெயருக்கு நேரே நீல மையில் எழுதினார். இரண்டாம் காய்ச்சல். கண்டது பி.ப. 3.25. அனுமதி பி.ப. 4.10. மூன்றாம் நாள், பல்லி.